அச்சு தாங்குமா? புதிதாக லோரி ஓட்ட வரும் தம்பிகளுக்கு

மயிலிறகு எவ்வளவு கனம் இருக்கும்? ஊதினால் பறந்துவிடும். ஆனால் அந்த மயிலிறகையே வண்டியில் அளவில்லாமல் ஏற்றிக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்று திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் எச்சரிக்கிறது. வகுப்பில் இந்தக் குறளை நடத்தும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். "மயிலிறகுக்கா சார் அச்சு ஒடியும்?" என்று கேட்பார்கள். அப்படிச் சிரித்த பிள்ளைகளில் பலர் இன்று லோரி ஓட்டுகிறார்கள். அவர்கள் ஏற்றுவது மயிலிறகு அல்ல. செம்பனைக் குலை, மணல், கருங்கல், உரமூட்டை, ரப்பர் பால்!

தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து லோரித் தொழிலுக்குப் போகும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பெரிய லைசன்ஸ் எடுத்து, ஜி.டி.எல். அட்டையும் வாங்கிவிட்டால், பையன் கைத்தொழில் ஒன்றைப் பிடித்துவிட்டான் என்று பெற்றோருக்கு ஒரு நிம்மதி. நியாயமான நிம்மதிதான். ஆனால் லைசன்ஸ் வாங்கும் பையனுக்கு ஸ்டீயரிங் பிடிக்கவும், ரிவர்ஸ் எடுக்கவும், கியர் மாற்றவும் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. பாரத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது, எங்கே வைப்பது, எப்போது "போதும்" என்று சொல்வது என்பதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே ஒரு பாடமாக எழுதுகிறேன். லோரி ஓட்டும் தம்பிகள் மட்டுமல்ல, அவர்களுடைய அம்மாக்களும் மனைவிமார்களும் இதைப் படிக்க வேண்டும். ஏன் என்பது கடைசியில் புரியும்.

கதவில் எழுதியிருக்கும் இரண்டு எண்கள்

நம் நாட்டு லோரிகளின் கதவுப் பக்கத்தில் மூன்று மூன்று எழுத்துகளாக இரண்டு குறிப்புகளும், அவற்றுக்கு எதிரே எண்களும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் நடு எழுத்து ஒன்றுதான் வேறுபாடு. காதால் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் மலாய் வார்த்தைகளை முழுதாகவே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 'பெராட் தன்பா முவாத்தான்'. சரக்கு இல்லாமல் லோரியின் எடை. இதை வெற்று எடை என்போம். மற்றொன்று, 'பெராட் டெங்ஙான் முவாத்தான்'. சரக்கோடு சேர்த்து லோரி இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. இதை மொத்த எடை என்போம்.

மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும். இரண்டாம் வகுப்புக் கழித்தல் கணக்குதான். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டீசலுக்கு எடை உண்டு. 200 லிட்டர் டீசல் ஏறக்குறைய 170 கிலோ. நீங்கள் ஒரு ஆள், கெலிண்டான் ஒரு ஆள். படுதா, சங்கிலி, கயிறு, வலை, ஜாக்கி, கூடுதல் டயர் எல்லாம் எடைதான். தொட்டிக்குப் பிறகு பலகை வைத்து உயரம் கூட்டியிருந்தால் அதுவும் எடைதான். ஆகவே கழித்து வந்த விடையில் கடைசிக் கிலோ வரைக்கும் சரக்கு ஏற்றலாம் என்று நினைக்கக்கூடாது. நான்கைந்து நூறு கிலோவாவது கைவசம் மிச்சம் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வேலைக்குச் சேரும் முதல் நாளே லோரியின் கெரானையும் பெர்மிட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கதவில் உள்ள எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். பெயின்ட் அழியும். அடுத்தவர் எழுதியதில் பிழையும் இருக்கும். காகிதம்தான் கணக்கு.

"மொத்தம் சரியாத்தான் சார் இருந்துச்சு!"

என்னிடம் படித்த ஒரு பையன் லோரி ஓட்டத் தொடங்கிய சில மாதங்களில் வந்து இப்படிக் கேட்டான்:

"சார், மொத்த எடை சரியாத்தான் இருந்துச்சு. ஒரு டன் குறைவாகூட இருந்துச்சு. அப்புறம் ஏன் சார் எனக்குச் சம்மன்?"

நல்ல கேள்வி. புதிய டிரைவர்கள் பலர் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். எடைக்கு ஒரே ஒரு வரம்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் வரம்பு இரண்டு. முழு லோரிக்கும் சேர்த்து ஒரு வரம்பு. ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனியாக ஒரு வரம்பு. கூட்டரசுச் சாலைகளுக்கான எடைக் கட்டுப்பாட்டு ஆணை 1989-இல் வந்தது. 2003-இல் அது திருத்தப்பட்டது. அச்சு எடை என்பது ஏதோ அதிகாரிகள் நினைத்தபோது பார்க்கிற சங்கதி அல்ல, சட்டத்தில் உள்ளது. மொத்தத்தில் நீங்கள் தேறலாம். அச்சில் தோற்றுப்போகலாம்.

எப்படி என்று கேட்கிறீர்களா? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் பாடப் புத்தகம் தேவையில்லை. ஒரு நீளக் கம்பின் நடுவே பால் வாளியைத் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தோளில் சுமந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாளி சரியாக நடுவில் இருந்தால் இருவருக்கும் பாதிப் பாதிச் சுமை. வாளி நழுவிப் பின்னால் இருப்பவர் பக்கம் போனால்? முன்னால் இருப்பவர் கையை வீசிக்கொண்டு நடப்பார். பின்னால் இருப்பவருக்குத் தோள் இற்றுப்போகும். வாளியில் இருக்கும் பால் ஒரு சொட்டுக்கூட கூடவில்லை. இடம்தான் மாறியது.

லோரியின் முன் அச்சும் பின் அச்சும் அந்த இரண்டு ஆட்கள்தான். சரக்குதான் வாளி.

ஒரு சிலேட்டுக் கணக்கு

எண்ணை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கணக்குக்காக ஒரு சிறிய இரண்டு அச்சு லோரியை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 450 சென்டிமீட்டர் தூரம். வெற்று லோரியில் முன் அச்சில் 3 டன், பின் அச்சில் 2 டன், ஆக மொத்தம் 5 டன். காகிதப்படி முன் அச்சு 6 டன், பின் அச்சு 10 டன், மொத்தம் 16 டன் தாங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றும் சரக்கு 10 டன். லோரியும் சரக்கும் சேர்த்து 15 டன். மொத்தத்தில் வரம்புக்குள் இருக்கிறோம்.

இப்போது சரக்கின் நடுப்பகுதி, அதாவது கனத்தின் மையம், எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பின் அச்சுக்கு முன்னால் 90 சென்டிமீட்டரில் இருந்தால்: முன் அச்சு 5 டன், பின் அச்சு 10 டன். இரண்டும் வரம்புக்குள்.

பின் அச்சுக்கு முன்னால் 45 சென்டிமீட்டரில் இருந்தால்: முன் அச்சு 4 டன், பின் அச்சு 11 டன். பின் அச்சில் 1 டன் கூடுதல். சம்மன்.

சரியாகப் பின் அச்சுக்கு மேலே இருந்தால்: முன் அச்சு 3 டன், பின் அச்சு 12 டன்.

பின் அச்சையும் தாண்டி வாலில் 45 சென்டிமீட்டர் போய்விட்டால்: முன் அச்சு 2 டன், பின் அச்சு 13 டன்!

நான்கிலும் சரக்கு அதே 10 டன்தான். மொத்தமும் அதே 15 டன்தான். இந்த லோரியில் சரக்கின் மையம் 45 சென்டிமீட்டர் நகர்ந்தால் 1 டன் ஓர் அச்சிலிருந்து மற்றோர் அச்சுக்குப் போய்விடுகிறது. 45 சென்டிமீட்டர் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் உள்ள ஒரு முழம். ஒரு முழத்தில் இருக்கிறது சம்மன்!

உங்கள் லோரியின் எண்கள் வேறாக இருக்கும். அச்சுகள் மூன்றாக, நான்காக இருக்கலாம். கணக்கின் வழி ஒன்றுதான். என் மாணவனுடைய கேள்விக்கும் இதுதான் பதில். அவன் அதிகமாக ஏற்றவில்லை, பின்னால் தள்ளி ஏற்றியிருக்கிறான். இதில் நல்ல செய்தி ஒன்றும் உண்டு. இந்த வகைத் தவற்றைச் சரிசெய்ய ஒரு காசு செலவில்லை. ஒரு மூட்டையைக்கூட இறக்க வேண்டாம். புறப்படுவதற்கு முன்னால் முன்னுக்குத் தள்ளி அடுக்கினால் போதும்.

கடைசி வரியை இன்னொரு முறை பாருங்கள். வெற்று லோரியில் 3 டன் இருந்த முன் அச்சு, 10 டன் ஏற்றிய பிறகு 2 டன்னாகக் குறைந்துவிட்டது. ஊஞ்சல் பலகையின் ஒரு முனையில் கனமான ஆள் உட்கார்ந்தால் மறுமுனை தூக்குவதுபோல, வாலில் உள்ள சுமை முன்சக்கரத்தைத் தூக்குகிறது. ஸ்டீயரிங் பஞ்சுபோல இலேசாகத் திரும்பும். புதிய டிரைவர் "அடடா, சுகமா இருக்கே" என்று நினைப்பான். ஆபத்து அங்கேதான். முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால், மழை நேரத்தில் நீங்கள் திருப்பினாலும் லோரி திரும்பாது.

எந்தச் சரக்கு எப்படி ஏமாற்றும்?

செம்பனைக் குலை: எண்ணிக்கையை வைத்து எடை சொல்ல முடியாது. இளமரத்துக் குலை 5, 6 கிலோகூட இருக்கும். வயதான மரத்துக் குலை 20, 25 கிலோ வரும். 400 குலை என்றால், குலைக்கு 12 கிலோ வீதம் 4.8 டன். அதே 400 குலை, 22 கிலோ வீதம் 8.8 டன்! ஆகவே எந்தப் பிளாக்கில் ஏற்றுகிறோம், மரம் எத்தனை வயது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குலைகளை வாரி எறியும்போது எட்டுகிற இடத்திலேயே குவிந்துவிடும். முன்பக்கம் பள்ளமாகவும் வால்பக்கம் குன்றாகவும் இருக்கும். முன்பலகைப் பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மேலே வலையைக் கட்டுங்கள். வளைவில் ஒரு குலை உருண்டு விழுந்தால் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கதி என்ன?

குலை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர்வது நல்லது, தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும் என்பது நம் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லித்தான் "இதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போயிடு" என்பார்கள். அவசரம் உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து இன்னொரு நடை. ஒரே நடையில் இரண்டு நடைச் சரக்கு அல்ல.

மணல்: காய்ந்த மணல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.6 டன். நன்றாக நனைந்த மணல் 2 டன்னை நெருங்கும். நேற்று ஏற்றிய அதே உயரத்துக்கு இன்றும் ஏற்றினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. இரவு மழை பெய்திருந்தால் தொட்டியில் அளவுக்கோட்டைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

மூட்டைகள்: உரமோ அரிசியோ, இதுதான் கணக்குக்கு எளிதான சரக்கு. 50 கிலோ மூட்டை 20 சேர்ந்தால் 1 டன். ஆனால் பல இடங்களில் நிறுத்தி இறக்கும்போது கவனம் வேண்டும். முன்னால் உள்ளதை முதலில் இறக்கிவிட்டு வாலில் உள்ளதை விட்டுவைத்தால் முன் அச்சு இலேசாகிவிடும். பின் அச்சையும் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த சுமையை மட்டும் இறக்கினால், அது தூக்கிப் பிடித்திருந்த முன் அச்சு இறங்கிக் கனமாகும். ஒவ்வோர் இடத்திலும் இறக்கிய பிறகு மிச்சத்தை ஒருமுறை பார்த்துச் சீர்செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

பால், தண்ணீர், எண்ணெய்: திரவம் உட்கார்ந்த இடத்தில் இருக்காது. அரைத் தொட்டிப் பால் முழுத் தொட்டியைவிட மோசமாக அலைபாயும். பிரேக் பிடித்தால் முன்னால் ஓடி முன் அச்சை அழுத்தும். வளைவில் பக்கவாட்டில் சாயும். உள்ளே தடுப்புத் தகடு இருந்தாலும் வேகத்தைக் குறைத்து, மெதுவாகப் பிரேக் பிடித்துப் பழகுங்கள்.

டயரும் ஒரு சாட்சி

டயரின் பக்கச் சுவரில் சின்ன எழுத்தில் எண்கள் இருக்கும். உதாரணமாக 146/143 என்று இருந்தால், அந்த டயரைத் தனியாகப் போடும்போது 3,000 கிலோவும், ஜோடியாகப் போடும்போது ஒவ்வொன்றும் 2,725 கிலோவும் தாங்கும் என்று பொருள். பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர் என்றால் 10,900 கிலோ. அதுவும் காற்று சரியாக இருந்தால்தான். காகிதம் அதற்கு மேல் அனுமதித்தாலும் டயர் அனுமதிக்காது. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

ஜோடி டயரில் ஒன்று காற்றிறங்கியிருந்தால் அதன் சுமை முழுவதும் பக்கத்து டயரின் தலையில் விழும். வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஆகவே காலையில் ஒவ்வொரு டயரையும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள். ஸ்பிரிங் பட்டைகளையும் குனிந்து பாருங்கள். வளைந்திருக்க வேண்டிய பட்டை நேராகிவிட்டதா, ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருக்கிறதா? ஒரு பக்கம் சாய்ந்த சுமையும் கெட்ட சுமைதான்.

எடைமேடையில் அச்சு அச்சாகப் பார்ப்பது

செம்பனை ஆலையிலும் கல்லுடைப்பிலும் எடைமேடை இருக்கிறது. மலாய்க்காரர் 'தீம்பாங்' என்பார்கள். பெரும்பாலும் முழு லோரியையும் ஏற்றி மொத்த எடையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அங்கே உள்ள கிராணியிடம் மரியாதையாகக் கேட்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் இப்படிச் செய்து பாருங்கள்.

முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்துங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது முன் அச்சின் எடை. பிறகு முழு லோரியையும் ஏற்றுங்கள். அது மொத்த எடை. மொத்தத்தில் முன் அச்சைக் கழித்தால் பின் அச்சின் எடை. மேடைக்கு வரும் பாதை மேடையோடு சமமட்டமாக இருக்க வேண்டும், மேடோ பள்ளமோ இருந்தால் எண் தப்பாக வரும். லோரி முழுதாக நின்ற பிறகுதான் எண்ணைப் படிக்க வேண்டும்.

இதை வெறும் லோரியோடு ஒரு முறையும், சரக்கோடு சில முறையும் செய்து, ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தேதி, என்ன சரக்கு, தொட்டியில் எவ்வளவு உயரம், மழையா வெயிலா, முன் அச்சு, பின் அச்சு. ஒரு மாதம் எழுதினால் போதும். பிறகு எடைமேடை இல்லாத தோட்டத்துக்குள் நின்றுகொண்டே, "இதற்கு மேல் வேண்டாம்" என்று சொல்கிற கண் உங்களுக்கு வந்துவிடும். பழைய டிரைவர்களுக்கு அந்தக் கண் வர இருபது வருடம் ஆனது. நோட்டுப் புத்தகம் உள்ளவனுக்கு இரண்டு மாதம்!

எடை கூடிவிட்டது என்று தெரிந்தால் ஏற்றிய இடத்திலேயே இறக்குங்கள். பெரிய சாலையில் எடை பார்க்கிறார்கள் என்று தெரிந்து குறுக்குப் பாதையில் நுழைவது கெட்டிக்காரத்தனம் அல்ல. பெரிய சாலையைவிடச் சின்னப் பாதையின் பாலங்களே பலவீனமானவை. பாலத்துக்கு முன்னால் சிவப்பு வட்டத்துக்குள் டன் எண் எழுதிய பலகை இருந்தால், அது உங்கள் காகிதத்தைவிடப் பெரிய சட்டம்.

சாலை வாங்கும் அடி

"ஒரு டன்தானே, அதனால் என்ன?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் இல்லினோய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. தனியாகச் சாலை போட்டு, பல அளவுப் பாரங்களோடு லோரிகளை மீண்டும் மீண்டும் ஓட்டினார்கள். பதினொரு இலட்சம் தடவைக்கு மேல் அச்சுகள் அந்தச் சாலையின்மீது ஏறி இறங்கின. அதிலிருந்து கண்டது இதுதான்: அச்சின் எடை கூடும்போது சாலைக்கு வரும் சேதம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடுகிறது. 10 டன் அச்சை 12 டன் ஆக்கினால் சேதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 20 டன் ஆக்கினால் 16 மடங்கு!

நம் தோட்டத்துக்கு வரும் சாலையில் குழி விழுந்தால் முதலில் யார் கஷ்டப்படுகிறார்கள்? பள்ளிக்கூட பஸ்ஸில் வரும் பிள்ளைகள், வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் அப்பா, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண். அந்தக் குழியில் நம்முடைய லோரியின் பங்கும் இருக்கக்கூடாது.

இறக்கத்தில் தெரியும் எடை

பாரம் 20 விழுக்காடு கூடினால், அதே வேகத்தில் நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தியும் 20 விழுக்காடு கூடுகிறது. அந்தச் சக்தி எல்லாம் சூடாக மாறுகிறது. சமதரையில் தெரியாது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் வளைவுச் சாலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கிப் பாருங்கள், தெரியும். தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். மிதித்தாலும் நிற்காது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் வாக்கு. இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். பாதியில் மாற்றப் போனால் கியர் விழாமல் போகலாம்.

2025 மே 13-ஆம் தேதி நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பாதுகாப்புப் பணி பார்த்துவிட்டுத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசாரின் லோரியும், கல் ஏற்றி வந்த லோரியும் மோதி, 9 போலீசார் உயிரிழந்தார்கள். கல் லோரி அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருந்ததும், அதன் ஸ்டீயரிங் பழுதும் விசாரணையில் வெளிவந்தன. நம்முடைய சாமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றவர்கள் அவர்கள். கூடுதல் பாரம் என்பது வெறும் சம்மன் விஷயம் அல்ல என்பதற்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

டன் கணக்கில் சம்பளம்

இப்போது வீட்டில் இருப்பவர்களோடு பேச வேண்டும்.

டிரைவர் வேண்டுமென்றா அதிகம் ஏற்றுகிறான்? பல இடங்களில் சம்பளம் டன் கணக்கில். ஒரு டன்னுக்கு 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 2 டன் கூடுதல், நாளைக்கு 3 நடை என்றால் 48 வெள்ளி. மாதம் 25 நாளைக்கு 1,200 வெள்ளி! இது சின்னக் காசு அல்ல. பிள்ளையின் பள்ளிச் செலவும் வீட்டுக் கடனும் அதில் அடங்கிவிடும். அதனால்தான் இந்தப் பாவத்தை யாரும் எளிதில் விடுவதில்லை.

ஆனால் அந்த 1,200 வெள்ளி எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். டயரிலிருந்து, ஸ்பிரிங்கிலிருந்து, பிரேக்கிலிருந்து, உங்கள் பிள்ளையின் லைசன்ஸிலிருந்து வாங்கிய கடன் அது. ஒருநாள் வட்டியோடு கேட்பார்கள். சம்மன் வரும்போது "டிரைவர்தானே ஓட்டினான்" என்று தவுக்கே ஒதுங்கிக்கொண்டால், ஒரு மாதக் கூடுதல் பணம் ஒரே நாளில் போய்விடும். லைசன்ஸ் போனால் மாதச் சம்பளமே போய்விடும். அதைவிடப் பெரியது போனால் திருப்பித் தர யாராலும் முடியாது.

ஆகவே வேலைக்குச் சேரும்போதே மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சம்பளம் டன் கணக்கா, நடைக் கணக்கா? எடைக்காகச் சம்மன் வந்தால் கட்டுவது யார்? ஏற்றிய இடத்தில் "போதும்" என்று சொல்லும் அதிகாரம் டிரைவருக்கு உண்டா? நடைக் கணக்கில் நியாயமான சம்பளம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காசு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

தவுக்கேயிடம் சண்டை போட வேண்டியதில்லை. "பாஸ், எடை கூடினா லோரியைப் பிடிச்சு வெச்சிடுவாங்க. இன்னைக்கு நடை எல்லாம் நின்னு போயிடும். ரெண்டு நடையா அடிச்சுடுறேன்" என்று அவருடைய நஷ்டத்தைச் சொல்லிப் பேசினால் பலர் கேட்பார்கள். கேட்காத தவுக்கேயும் இருக்கிறார். அவரிடம் வேலை பார்ப்பதைவிட வேறு லோரி தேடுவதே மேல்.

அம்மாமார்களே, மனைவிமார்களே! பையன் இந்த மாதம் அதிகப் பணம் கொண்டுவந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், "எத்தனை நடை ஓட்டினே? எத்தனை டன் ஏத்தினே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "குறைஞ்சாலும் பரவாயில்லைப்பா, அளவாவே ஏத்து" என்று வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தால், எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று "போதும்" என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரும். வீடு "இன்னும் வேணும், இன்னும் வேணும்" என்று சொன்னால், வெளியே அவன் வாயைத் திறக்க மாட்டான்.

தம்பிகளே, நாளைக் காலை லோரியை எடுப்பதற்கு முன்னால் கதவில் உள்ள இரண்டு எண்ணையும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழே ஒவ்வோர் அச்சின் வரம்பையும் எழுதுங்கள். இரண்டாவது பக்கத்தில் நாளைக்கு ஏற்றும் முதல் நடையின் கணக்கு இருக்கட்டும்.